பெரியவர், சின்னவர், நான்கு கோழிகள்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மேல்வரிசைப் பற்கள் மொத்தமும் உதிர்ந்துபோகட்டும். மேல்வரிசையில் ஏற்கெனவே ஒன்றும் மிச்சமில்லை என்பதால், சத்தியத்தைக் கீழ்வரிசைக்கும் நீட்டித்துவிடுகிறேன். நடந்தது நடந்தபடி.

பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்த மகள், பல் துலக்கி முடித்த பிரஷைக் கீழே வைக்க மறந்து, கொல்லைப்புறத்தின் காலி மண்ணையே பார்த்துக்கொண்டு, "அம்மா, நாலு கோழி வளர்க்கலாமா?" என்று கேட்டாள். அவள் வீடு திரும்பியதிலிருந்து "ம்", "வேணாம்", "அப்புறம்" என்ற மூன்றைத் தவிர அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அதுதான். அம்மா அடுப்பை அணைத்தாள். "லைன்ல இரு" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

அம்மா தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அந்த வீட்டில் ஒருவர் இன்னொருவரிடம் நேராகப் பேசிவிட்டால் தன் பிழைப்பில் யாரோ கைவைத்துவிட்டது போல முகம் சுருங்கிப்போவாள். பேச்சு நீண்டால் "டைம் ஆச்சு" என்று நடுவிலேயே துண்டித்துவிடுவாள். அப்படித் துண்டிக்கப்பட்ட அப்பாவின் பாதி வாக்கியங்கள் பல முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே நடையில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. கொஞ்சம் உயரமானவர்கள் குனிந்துதான் போக வேண்டும். இதில் ஒரு வசதியும் இருந்தது. மகள் பெட்டியோடு வந்து இறங்கிய நாளிலிருந்து அப்பாவும் அவளும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றுமில்லை. முதல் நாள், இவர் தொடங்கட்டும் என்று அவளும் அவள் தொடங்கட்டும் என்று இவரும் இருந்துவிட்டார்கள். அடுத்த நாள் அது சிமென்ட் போல இறுகிவிட்டது.

அப்பா திருகாணித் தொழிற்சாலை ஒன்றின் வாசல் காவலர். திருகாணி சின்னப் பொருள். தலைமுடியில் செருகலாம், நாக்குக்கடியில் வைக்கலாம், காலுறைக்குள் போடலாம். ஆனால் அப்பா இருந்த காலம் முழுவதும் அந்த வாசலைத் தாண்டி ஒரு திருகாணிகூட வெளியே போகவில்லை. காரணம் அவருடைய இரண்டு நாய்கள். ஒருவருக்குப் பெரியவர் என்று பெயர், இன்னொருவருக்குச் சின்னவர். மகளைப் பற்றிப் பேசினால் "அவ" என்பார், நாய்களைப் பற்றிப் பேசினால் "அவங்க" என்பார். அவர்களுக்கு அவர் கொடுத்த பயிற்சி எளிமையானது. உள்ளே வருவது எதுவானாலும் கேள்வி கிடையாது. வெளியே போகும்போதுதான் விசாரணை. அப்பா ஒரு பொருளை எடுத்து மூக்கருகே நீட்டி "இது நம்ம சரக்கு" என்று ஒருமுறை காட்டிவிட்டால் போதும், அதற்குப் பிறகு அது அந்த இடத்தைவிட்டு நகராது. கடிக்க மாட்டார்கள், குரைக்கவும் மாட்டார்கள். மணிக்கட்டை வாயால் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார்கள். பொருளை எடுத்த இடத்தில் திருப்பி வைத்தால் விட்டுவிடுவார்கள். ஒருமுறை ஒரு தொழிலாளி மூளையைப் பயன்படுத்தித் திருகாணியை விழுங்கிவிட்டு வாசலுக்கு வந்தான். சின்னவர் அவனை மெதுவாகச் சாய்த்து, அவன் வயிற்றில் தலைவைத்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை இயற்கையாகத் தீர்ப்பு வரும்வரை எழுந்திருக்கவில்லை. தொழிற்சாலையை இழுத்து மூடியபோது இயந்திரங்களை லாரி ஏற்றிப் போனது. முதலாளி அப்பாவின் கையைக் குலுக்கிவிட்டு இரண்டு சங்கிலிகளையும் அதே கையில் கொடுத்தார்.

மகளின் கதை இன்னும் கொஞ்சம் நம்பக்கூடியது. பெரிய ஊர் ஒன்றின் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். ஒரு நாள் அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து எல்லா ஊர்ப் பெயர்களையும், எல்லா எண்களையும், "புறப்படத் தயாராக உள்ளது" என்பதையும், "வருந்துகிறோம்" என்பதைச் சின்னத் தாமதத்துக்கு ஒரு விதமாகவும் பெரிய தாமதத்துக்கு இன்னொரு விதமாகவும் சொல்லச் சொன்னார்கள். அவள் வெந்நீர் குடித்துக் குடித்து, ஒரு எழுத்தும் பிசகாமல், மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்தாள். கடைசிச் சொல்லைச் சொல்லி முடித்ததும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அப்படிச் சொன்ன அதிகாரி வருந்தவில்லை. வருந்துவதற்கும் அவள் குரலைத்தான் வைத்திருந்தார்கள். பிறகு அந்தக் குரலை நகலெடுத்து ஊர் ஊராக மாட்டினார்கள். இந்த ஊர் நிலையத்திலும் அவள்தான். அதனால் நிலையம் இருக்கிற கடைத்தெருப் பக்கம் அவள் போவதேயில்லை. தான் அவ்வளவு உற்சாகமாக இருந்த நாட்களில் பேசிய பேச்சு, தன் தலைக்கு மேலே நின்று ஊராரை எல்லாம் வாருங்கள் போங்கள் என்று சொல்வதைக் கேட்க அவளால் முடியவில்லை.

சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த நாட்களில்தான் பக்கத்துவீட்டு முட்டைக்காரம்மாவின் கோழிகள் அவள் காதில் விழுந்தன. அவை எதையும் அறிவிக்கவில்லை. தமக்குள் முணுமுணுத்துக்கொண்டே மண்ணைக் கிளறின, அவ்வளவுதான். பதில் கேட்காத சத்தம். காலையில் கூண்டைத் திறந்துவிட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் எழுந்துதான் ஆக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்திருக்க அவசியமே இல்லை என்ற நினைப்பை அவள் அதற்கு முன் அதன் முடிவுவரை நினைத்துப் பார்த்திருந்தாள். அந்த முடிவு அவளுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவாகப் பிடிக்காமலும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அம்மா முன்னறையிலிருந்து திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"'நாய் இருக்கிற வீட்டுல கோழியா, கேக்கிறவளுக்குப் புத்தி வேணாமா'ன்னாரு. 'யோசிச்சுச் சொல்றேன்'னு மாத்திச் சொல்லிடலாமான்னு பாத்தேன். வயசாச்சுடி, பொய் வரமாட்டேங்குது."

"நீ என்ன சொல்ற?"

"நான் காலம்பூரா ஊரான் பேச்சைக் கேட்டுக் காது புளிச்சுப்போனவ. கோழி கொக்கரிச்சா அதுக்கு வேற யாரு கனெக்ஷன் குடுக்கிறது?"

மகள் விடவில்லை. விட்டால் மறுபடி சுவர்தான் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு காலையும் படியில் உட்கார்ந்து ஒரு நியாயத்தை அம்மாவிடம் கொடுத்தனுப்புவாள். கம்பி வலை அடித்துவிடலாம். வெளிச்சம் மங்கினால் கோழி தானே அடைந்துவிடும், தொந்தரவில்லை. நாய்கள் ஒழுக்கமானவை. ஒவ்வொன்றுக்கும் முன்னறையிலிருந்து மறுப்பு வரும். வலையென்றால் துருப்பிடிக்கும். அடைந்துவிடும் என்றால் விடியுமே. ஒழுக்கம் என்றபோதுதான் அப்பாவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "அவங்க வேலை பாத்து ரிட்டையர் ஆனவங்க. சும்மா உக்காந்திருக்கிறவங்க கால்ல ஒரு கோழி வந்து கொத்தினா மனசு என்ன பாடுபடும்னு அவளுக்குத் தெரியுமான்னு கேளு" என்றார். அம்மா வந்து கேட்டாள். மகள் தெரியும் என்றாள். அன்றைக்கு மதியம் அவள் சாப்பிட வரவில்லை. மறுநாள் பின்வாசல் படிக்கும் வரவில்லை.

அம்மா கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். அவள் தன் சொந்தச் செய்தியோடு வருவது அபூர்வம்.

"உங்கப்பா சாயங்காலம் அவங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போறாருன்னு நெனைக்கிற?"

"நடக்க."

"பஸ் ஸ்டாண்டுக்குடி. பெஞ்சில உக்காந்து உன் குரலைக் கேட்டுட்டு வராரு. நீ வேலைக்குப் போன காலத்துலயிருந்து இல்ல, நீ வந்து சேர்ந்ததுக்கு அப்புறம்."

"நான் இங்கதானே இருக்கேன்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'அது நல்லாப் பேசுதுடி'ன்னாரு."

மகள் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு எழுந்து, தலையை வாரி, தொங்கும் பாதி வாக்கியங்களுக்குக் கீழே குனிந்து நடந்து, முன்னறை வாசலில் போய் நின்றாள். தொண்டையைச் செருமினாள். வயிற்றிலிருந்து மூச்செடுத்தாள். மாதக்கணக்கில் பயன்படாத குரல் முதலில் கரகரத்து, பிறகு எண்ணெய் விட்ட கதவு போலத் திறந்துகொண்டது.

"பயணிகளின் கவனத்திற்கு. நான்கு கோழிகள் இன்னும் சற்று நேரத்தில் பின்வாசலை வந்தடையும். கோழிகளின் வருகை காலதாமதமானதற்கு வருந்துகிறோம். மிகவும் வருந்துகிறோம்."

பெரியவரும் சின்னவரும் காதுகளை நிமிர்த்தினார்கள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வண்டி வந்துவிட்டதென்று எழுகிற மனிதனைப் போல எழுந்து, சட்டைப்பையில் இல்லாத டிக்கெட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு இது தன் வீடு என்பது நினைவு வந்து மெல்ல உட்கார்ந்தார். மகள் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றாள். அவர் அவளைத் தாண்டி அம்மாவைப் பார்த்து, "சரின்னு சொல்லு" என்றார். அம்மா மகளிடம் திரும்பி, "சரியாம்" என்றாள். உடனே தன் பங்குக்கு ஒரு நிபந்தனையும் சேர்த்தாள். "ஆனா சேவல் கூடாது. விடிஞ்சா அனௌன்ஸ் பண்ண இந்த வீட்டுல ஏற்கெனவே ஆள் இருக்கு."

கொல்லையில் கம்பி வலை அடித்து உள்ளே கூண்டும் வைத்ததும், முட்டைக்காரம்மா கூடையில் நான்கு கோழிகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா ஒரு தவறு செய்தார். அவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தவறு. நாய்கள் கோழிகளைத் தின்றுவிடக் கூடாதே என்ற அக்கறையில், கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் பெரியவர் மூக்கிலும் சின்னவர் மூக்கிலும் நீட்டி, தொழிற்சாலைக் குரலில், "இது நம்ம சரக்கு" என்று காட்டிவிட்டார். அவர்கள் முகர்ந்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு வேலை கிடைத்தவர்களைப் போல வாலைத் தாழ்த்தி, ஒருவர் வலைக்கு இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமுமாக நின்றுகொண்டார்கள்.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மகள் விடியும் முன்பே விழித்தாள். கூண்டைத் திறந்தால் நான்கும் தட்டுத்தடுமாறி இறங்கி அவள் கால் விரல்களைக் கொத்திப் பார்த்துவிட்டு, இது தீனியில்லை என்று ஒதுங்கிப் போகும். மறுநாளும் அதே சந்தேகத்தோடு கொத்தும். அவளுக்கு அது பிடித்திருந்தது. ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தச் சத்தம் என்னவென்று பார்க்க அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

முதல் முட்டை வைக்கோலில் கிடந்தது. அவள் எடுத்தாள். வலைக்கதவைத் தாண்டிய கணத்தில் பெரியவரின் வாய் அவள் மணிக்கட்டை மூடிக்கொண்டது. வலிக்கவில்லை. வெதுவெதுப்பாக, ஈரமாக, மரியாதையாக இருந்தது. அவள் கெஞ்சினாள், அதட்டினாள், முட்டையைக் கை மாற்றினாள். கை மாற்றியதும் அந்தக் கையைச் சின்னவர் பிடித்துக்கொண்டார். கடைசியில் முட்டையைத் திருப்பி வைக்கோலில் வைத்தாள். இருவரும் ஒருசேர விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வேறு பக்கம் பார்த்தார்கள்.

"காட்டினதை இல்லைன்னு திருப்பிச் சொல்ல முடியாதான்னு அப்பாகிட்டக் கேளு" என்றாள்.

அம்மா போய்வந்தாள். "'அப்படி ஒரு வழி இருந்தா ஃபாக்டரியில எவனாவது கண்டுபிடிச்சிருக்க மாட்டானா'ங்கிறாரு."

முட்டைகள் சேர்ந்தன. கோழிகள் அவற்றின் மேல் அடைகாக்க உட்கார்ந்தன. சேவல் இல்லாத முட்டையில் குஞ்சு ஏது? அது கோழிக்குத் தெரியாது. உள்ளே ஒன்றுமேயில்லாததைக் கதகதப்பாக வைத்துக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடி, நான்கும் நான்கு மூலையில் அசையாமல் உட்கார்ந்துவிட்டன. தீனிக்கு எழவில்லை. தண்ணீருக்கு எழவில்லை. மகள் தூக்கிக் கூண்டுக்கு வெளியே விட்டால் இரண்டடி நடந்து, மறந்துவந்த எதையோ எடுக்கப் போவது போலத் திரும்பிப் போய் அதன் மேலேயே உட்காரும். கொண்டைச் சிவப்பு வெளுத்தது. மார்பெலும்பு கையில் தட்டியது. முட்டைகள் உள்ளுக்குள் கெட்டு, வெயிலேற ஏற டப் டப்பென்று வெடித்தன. நாற்றம் தெருமுனைவரை போனது. மிச்சமானவற்றின் மேல் அவை இன்னும் இறுக்கமாக உட்கார்ந்தன.

முட்டைக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அடிவயித்துக்குக் கீழ இருக்கிறதை எடுத்துட்டா ரெண்டு நாள்ல தெளிஞ்சு எழுந்துடும்மா. இருக்கிறவரைக்கும் எழாது. உள்ள ஒண்ணுமில்லன்னு அதுக்கு யாரு போய்ச் சொல்றது?"

"எடுக்க விடமாட்டேங்கிறாங்க."

முட்டைக்காரம்மா பெரியவரை மேலும் கீழும் பார்த்தாள். "நாயா இது, மேனேஜரா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு மதியம் முதல் கோழி செத்துப்போனது. உட்கார்ந்தபடியே செத்திருந்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள், அதனால் லைன் இல்லை. வெளியே கொண்டுபோகவும் வழியில்லை. மகள் அதைத் துணியில் சுற்றி எடுத்துவந்து வலைக்கதவுவரை போய், மணிக்கட்டில் ஈரத்தோடு திரும்பியிருந்தாள். அப்பா மண்வெட்டியோடு வந்தார். வலைக்குள்ளேயே ஒரு மூலையில் வெட்டத் தொடங்கினார். அவள் கையால் மண்ணைத் தள்ளினாள். இருவர் மூச்சும் இரைத்தது. குழியில் இறக்கும்போது அவர் விரல்கள் அவள் விரல்கள் மேல் பட்டன. இருவரும் சுடுகிற பாத்திரத்தைத் தொட்டது போல எடுத்துக்கொண்டார்கள். மண்ணை மூடிவிட்டு அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். துண்டிக்க அங்கே ஆளில்லை. அப்படியும் அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மகள் விழித்தாலும் எழவில்லை. கூண்டுக் கதவு திறந்தே கிடந்தது. வெளியே வரத்தான் அங்கே யாருமில்லை. அவள் சுவரைப் பார்த்துப் படுத்து, மீதி மூன்று கோழிகளும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டே பார்த்தாள். தன் அடியிலும் ஏதோ இருப்பது போலவும், தான் அதைவிட்டு எழுந்தால் அது குளிர்ந்துபோகும் போலவும் ஒரு எண்ணம் வந்தது. அது என்னவென்று கைவிட்டுத் துழாவினாள். விரிப்பு மட்டும் இருந்தது. அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துவிட்டது, இந்த வீட்டில் இருந்தால் இப்படியே உட்கார்ந்தபடியேதான் முடிவு என்று. வேறு ஊரில் பெரியம்மா இருந்தாள். பெரியம்மாவுக்கு ஓயாத வாய், நேராகப் பேசுகிறவள். பேருந்து நிலையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். காதைப் பொத்திக்கொண்டாவது போய்விடலாம்.

பையை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். பெரியவர் எழுந்து வந்து பையின் வாரைப் பிடித்தார். அவள் பையைக் கீழே வைத்தாள். அவர் வாரை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்தார். சின்னவர் வாசலுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டார். அவள் உள்ளே போய்க் குளித்து, சோப்பு தேயத் தேய்த்து, துவைத்து வைத்திருந்த துணியை மாற்றிக்கொண்டு வந்தாள். அதே வாய், அதே ஈரம்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா நடுவில் வந்து நின்று, யாராவது ஏதாவது கொடுத்தனுப்புவார்களா என்று இரு பக்கமும் பார்த்தாள்.

"அப்பா" என்றாள் மகள். நேராக. "கோழி வாசனையா எம்மேல?"

அவர் தலையை ஆட்டினார். "கோழி வாசனை இல்லம்மா." அவருக்கும் நேராகத்தான் வந்தது. "நீ வந்த அன்னைக்கு அசந்து தூங்கிட்ட. போர்வைக்கு வெளிய கால் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. இவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்து காட்டினேன்."

"எதுக்குப்பா?"

"நான் காட்டின சரக்கு ஒண்ணுகூட இதுவரைக்கும் காணாமப் போனதில்ல" என்றார். பெருமையாகச் சொல்லத்தான் தொடங்கினார். பாதியில் குரல் இறங்கிவிட்டது. எழுந்து வந்து பெரியவரின் தாடையைப் பிடித்து, "விடுங்க, போகட்டும்" என்று இழுத்துப் பார்த்தார். "நான்தானே சொல்றேன், விடுங்களேன்." பெரியவர் அவரை மிகுந்த மரியாதையோடு பார்த்தார். விடவில்லை. அம்மா "டைம் ஆச்சு" என்றாள். அதை ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மகள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி, வீட்டின் ஊடாக நடந்து, கொல்லைப்புறம் போனாள். அவள் திரும்பியதுமே மணிக்கட்டு விடுபட்டுவிட்டது. வலைக்குள் மூன்று கோழிகளும் இருந்தபடியே இருந்தன. அவள் அவற்றுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில், பக்கத்திலிருந்த கோழி தன் கடைசி முட்டையும் வெடித்துப்போன வெறும் வைக்கோலிலிருந்து தள்ளாடி எழுந்தது. அவள் முழங்கால் மேல் கால்வைத்து ஏறி, பையின் மேல் போய் நின்று, ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, இறகுகளைப் பரப்பி மெல்ல உட்கார்ந்தது. அதன் சூடு பைக்குள் மடித்து வைத்த துணிகளைத் தாண்டி மடிவரை வந்தது. அவள் அசையாமல் இருந்தாள்.

பெரியவரும் சின்னவரும் அவள் வீடு திரும்புவதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே, ஒருவர் பின் ஒருவராக, செத்துப்போயிருந்தார்கள். உயிர் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.